குத்துப் பாட்டுக்கு நான் எழுதிய விதி

குத்துப் பாட்டு என்றால் என்ன?

சிரிக்காதீர்கள். ஒரு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் சோறு வடிக்கிறேன், துணி மடிக்கிறேன். இதற்கு ஒரு பதில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, மகளின் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் எனக்குப் பதில் தெரியாது என்பது தெரிந்தது.

போன வாரம் மகள் நிலாவின் இருமல் பற்றி எழுதியிருந்தேன். கடிதம் போட்ட எல்லோருக்கும் நன்றி. கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழியச் சொன்ன போடி வாசகிக்குத் தனி நன்றி, இருமல் போய்விட்டது. இந்த வாரத் தொல்லைக்கு இலை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

உத்தமபாளையத்தில் நிலா படிக்கும் பள்ளியின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கேதான் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேர், இரண்டு வரிசையாக, கையில் ஆளுக்கொரு காலிக் கூடையோடு நின்றிருந்தார்கள். முன் வரிசையில் நிலா. அவள் கையைப் பிடித்தபடி அவளுடைய தோழி தர்ஷினி.

பாட்டு தொடங்கியது. முதலில் ஒரு உறுமல். குச்சியை உறுமியின் தோலில் தேய்த்து இழுத்தால் அடிவயிற்றிலிருந்து வருமே, அந்தச் சத்தம். பிறகு தப்பு மேளத்தின் அடி. பிள்ளைகள் பதினாறு பேரும் ஒரே நேரத்தில் வலது காலைத் தூக்கினார்கள்.

"நிறுத்துங்க!"

முதல்வர் கையை உயர்த்திவிட்டார். பாட்டு நின்றது. இரண்டு பிள்ளைகள் தூக்கிய காலை இறக்கத் தெரியாமல் அப்படியே நின்றார்கள்.

"இது குத்து. குத்துக்கு அனுமதி இல்லைன்னு நாமதானே முடிவு பண்ணோம்?" என்றார். கேட்டது என்னைப் பார்த்து. அவர் கையில் இருந்தது நான் எழுதிய தாள்.

தர்ஷினி தலையைத் திருப்பிக் கொட்டகை வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் அம்மா செல்வி நின்றிருந்தாள். திராட்சைத் தோட்டத்து வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கறை. அந்தப் பாட்டில் உறுமி அடித்தது அவள் கணவர் முருகேசன்.

நான் எப்படி மாட்டினேன்

இதைச் சொல்ல வேண்டுமென்றால் போன ஆண்டு விழாவிலிருந்து தொடங்க வேண்டும்.

போன ஆண்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. வரிகள்தான் பிள்ளைகள் வாயில் வரக்கூடாத வரிகள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர் சிலர் எழுந்து போனார்கள். மறுநாள் அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் தீப்பிடித்தது. அதனால் இந்த ஆண்டு பள்ளி முன்கூட்டியே அறிவித்துவிட்டது: குத்துப் பாட்டு கிடையாது. பக்திப் பாட்டு, கிராமியப் பாட்டு, மெலடி, மேற்கத்திய நடனம், எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் நிம்மதி. அது இரண்டு நாள்தான் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். "மிஸ், இந்தப் பாட்டு குத்தா?" "மிஸ், இது பாதி மெலடி, பாதிதான் குத்து. பாதியை வெட்டிட்டா போதுமா?"

பெற்றோர் கூட்டத்தில் முதல்வர் கேட்டார்: "யாராவது இதைத் தெளிவா ஒரு பக்கத்துல எழுதித் தர முடியுமா?"

ஜெயந்தி என்னைக் கை காட்டினாள். அவள் மகளும் மூன்றாம் வகுப்புதான். "இவுக பத்திரிகையில எழுதுறாக. கணக்குல எம்மெஸ்ஸி வேற."

மறுக்கத் தெரியாதது என் பழைய நோய். சரி என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"குத்துன்னா என்னன்னு எழுதணுமா? ஆடத் தோணுனா குத்து. இதுல என்ன எழுதக் கெடக்கு?"

"எனக்கு எந்தப் பாட்டுக்கும் ஆடத் தோணாதே."

"அப்ப நீ எழுதாத."

எழுதாமல் இருந்திருக்கலாம்.

சாமி வந்தது: ஆம்

கணக்குப் படித்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் தூக்கம் வரும். நிலாவின் பழைய நோட்டில் நான்கு கட்டம் போட்டேன். தாளம், கருவி, வேகம், வரிகள். அடுப்படியில் கைபேசியை வைத்துக்கொண்டு நாற்பத்துச் சொச்சம் பாட்டுக் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே விரலால் மேடையில் தட்டி எண்ணினேன். ஒன்று இரண்டு மூன்று, நான்கு ஐந்து ஆறு. ஆறு ஆறாக ஓடினால் குத்து என்று முதலில் எழுதினேன். பிறகு பார்த்தால் தாலாட்டும் ஆறு ஆறாகத்தான் ஓடுகிறது. அடித்துவிட்டேன்.

எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒரு சங்கதி நடந்தது. கம்பத்தில் இருக்கும் என் பெரிய நாத்தனார் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உள்ளே ஒரு பாட்டைப் போட்டேன். படு மோசமான பாட்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் தொடக்கத்தில் உறுமி வருகிறது. அவ்வளவுதான். கூடத்திலிருந்து ஒரு சத்தம்.

ஓடி வந்து பார்த்தால் நாத்தனார் எழுந்து நிற்கிறார். கண் மேலே சொருகியிருக்கிறது. கீரை கூடமெங்கும்.

"ஏலேய்… யாருடா என்னைக் கூப்பிட்டது…"

எங்கள் பக்கத்தில் இது ஆச்சரியமில்லை. அவருக்குச் சித்திரைத் திருவிழாவில் ஆண்டுதோறும் சாமி வரும். ஆனால் அடுப்படியில், ஒரு குடிகாரன் பாடுவதாக எடுத்த சினிமாப் பாட்டுக்கு வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? கைபேசியை அணைத்து, திருநீறு பூசி, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"என்னத்தா பாட்டுப் போட்ட? நல்லாருந்துச்சே."

"அது… ஒரு சினிமாப் பாட்டுங்க."

"சினிமாவா? அம்மன் பாட்டுன்னுல்ல நெனச்சேன்."

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன். "சாமி வந்தது: ஆம்." பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது இது பக்திப் பாட்டா, குத்துப் பாட்டா? சாமிக்கே குழப்பம் இருக்கும்போது நான் யார்?

வயதைக் கேட்டுப் போடும் பாட்டு

என் கொழுந்தன் சரவணன் சின்னமனூரில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவன்தான் பாட்டுப் போடுவான். அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கூப்பிட்டேன்.

"மதினி, நல்ல ஆளப் பாத்துக் கேட்டீக. எனக்கே இப்ப எது குத்துன்னு தெரியல."

"விளையாடாத தம்பி."

"சத்தியமா மதினி. போன மாசம் கூடலூர்ல ஒரு விசேஷம். நாப்பது வயசு ஆளுக ஒரு பத்துப் பேரு வந்து, 'தம்பி, நல்ல குத்தாப் போடு'ன்னாக. போட்டேன். வேட்டிய மடிச்சுக் கட்டி ஆடுறாக. அவுக ஆடிக்கிட்டு இருக்கையிலயே காலேஜ் பயலுக வந்து காதுல சொல்றானுக, 'அண்ணே, இந்த மெலடிய நிறுத்திட்டுக் குத்துப் போடுங்கண்ணே'ன்னு. ஒரே பாட்டு மதினி! இப்பல்லாம் வயசக் கேட்டுட்டுத்தான் பாட்டுப் போடுறேன்."

"புதுசா வர்றதுல உறுமி, தப்பெல்லாம் இருக்கா?"

"எங்கன இருக்கு? எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டது. தோலே கிடையாது. ஆனா குத்துன்னுதான் பேரு. அதோட, குத்துல எத்தன வகை தெரியுமா? மாஸ் குத்து, லவ் குத்து, சோகக் குத்து, சாமிக் குத்து…"

"சோகத்துக்கு எப்படித் தம்பி குத்து?"

"அழுதுக்கிட்டே ஆடுவானுக மதினி. அதுக்குத்தான் கூட்டம் அதிகம்."

இதையெல்லாம் நோட்டில் எப்படி எழுதுவது?

சரவணன் சொன்னது பொய்யில்லை என்று எனக்கே தெரியும். பெரியகுளத்தில் நான் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு குறிப்பிட்ட பாட்டு வந்தால் அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். "டப்பாங்குத்து! பொம்பளப் பிள்ளைக இருக்குற வீட்டுல!" என்பார். நாங்கள் பக்கத்து வீட்டுச் சத்தத்தில் மீதியைக் கேட்போம். இரண்டு வாரத்துக்கு முன்பு அவரைப் பார்க்கப் போனேன். மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அதே பாட்டை முணுமுணுக்கிறார்.

"அப்பா, இது டப்பாங்குத்து இல்லையா?"

"இதா? இது நல்ல பாட்டும்மா. இந்த மாதிரி இப்ப யாரு போடுறா?"

"நீங்கதானப்பா டிவியை அமத்துவீங்க."

"நானா?" என்றார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகமில்லை.

பாட்டு அப்படியே இருக்கிறது. அதே உறுமி, அதே வேகம். அப்படியானால் மாறியது அப்பாவா? ஒரு பாட்டு குத்தாகப் பிறந்து மெலடியாக முதுமை அடையுமா? அடையும் என்றால் நாங்கள் எந்த ஆண்டின் கணக்கை வைத்துப் பிள்ளைகளைத் தடுக்கிறோம்?

இந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முதல்வர் தாள் எப்போது வரும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

விதி

எழுதியது இதுதான். ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

"உறுமி, தப்பு முதலிய தோல் கருவிகள் முன்னின்று ஒலிக்க, ஆறு எண்ணிக்கையில் அமைந்து, போகப் போக வேகம் ஏறி, பாடலின் பொருளைவிட ஆட்டத்தையே முதன்மையாகக் கொண்ட பாடல் குத்துப் பாட்டு எனப்படும்."

வரிகளைப் பற்றி முதலில் எழுதியிருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஏனென்றால் நடவு வயலில் பாடும் பாட்டிலும் கேலி இருக்கிறது, மாமன் மச்சான் இருக்கிறது. அதையும் தடுக்க நேர்ந்துவிடுமோ என்று பயம். எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து, சரியான இடத்தில் பயப்படாமல் விட்டுவிட்டேன்.

முதல்வர் படித்துவிட்டு, "அடேயப்பா, சட்டம் மாதிரி இருக்கே!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த விதிப்படி ஐந்தாம் வகுப்புக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஒரு பாட்டு தேறிவிட்டது. நான்கு எண்ணிக்கை, மெதுவான வேகம், எல்லாமே கணினி ஒலி, பாதி வரிகள் ஆங்கிலம். என் விதியில் எங்கேயும் இடிக்கவில்லை. அதன் பொருளை நிதானமாகக் கேட்டுப் பார்த்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. போன ஆண்டுப் பாட்டு அதன் கால் தூசி பெறாது.

தேறாமல் போனது மூன்றாம் வகுப்பின் பாட்டு. அது சினிமாப் பாட்டே இல்லை. செல்வியும் அவளோடு வேலை பார்க்கும் பெண்களும் திராட்சைக் கொத்து அறுக்கும்போது கட்டிய பாட்டு.

*பந்தலுக்குள்ள யாரு? பன்னீரு பன்னீரு!*
*கூடைக்குள்ள யாரு? சிங்காரி சிங்காரி!*
*சிங்காரி எங்க போறா? சந்தைக்குப் போறா, சந்தைக்குப் போறா!*

இவ்வளவுதான். பன்னீர் எங்கள் பக்கத்துத் திராட்சை வகை. முருகேசனின் குழுவினர் இதற்கு அடித்து, கைபேசியில் பதிந்து கொடுத்திருந்தார்கள். "பாட்டு ரெடிக்கா" என்று செல்வி என்னிடம் சொல்லியும் இருந்தாள். நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. நாற்பத்துச் சொச்சம் பாட்டுகளை வெங்காயத்தோடு சேர்த்து உரித்தவள், தெருவில் நிஜமாக அடிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒத்திகை நின்ற அன்று மாலை வாட்ஸப் குழுவில் ஜெயந்தி எழுதினாள்: "நல்லவேளை தடுத்தாக. எழவு வீட்டு மேளத்துக்கு எம்பிள்ளைய ஆட விட முடியுமா?"

அதற்குக் கீழே ஏழெட்டுக் கட்டைவிரல்கள். நான் விரலை உயர்த்தவில்லை. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் மறுத்தும் ஒரு வரி எழுதவில்லை. ஜெயந்தி சொன்னது மேளத்தை மட்டும்தானா என்று யோசித்துக்கொண்டே கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். செல்வியும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

"பொய் மட்டும் எழுதாதீக"

மறுநாள் காலை நிலாவைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே செல்வியின் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அவர்களுக்கு எது வருத்தம் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

முருகேசன் வீட்டு வாசலில் வைக்கோலைக் கொளுத்தித் தப்புக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். மதியம் ஒரு காதுகுத்தில் தாய்மாமன் சீர் ஊர்வலத்துக்கு அடிக்க வேண்டுமாம். தோலில் விரலால் சுண்டுவதும், திருப்புவதும், மறுபடி சுண்டுவதுமாக இருந்தார். தர்ஷினி பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று படுத்திருந்தாள்.

"அண்ணே, மன்னிச்சிருங்க," என்றேன். "நான் சினிமாப் பாட்டை நெனச்சுத்தான் எழுதினேன். உங்க பாட்டை 'கிராமியக் கலை'ன்னு மாத்தி எழுதித் தந்துர்றேன். கிராமியப் பாட்டுக்கு அனுமதி இருக்கு. பிள்ளைக ஆடலாம்."

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சொன்னா கிராமியக் கலைன்னு? குத்துதாங்க அது."

"இல்லண்ணே, குத்துன்னா அனுமதி…"

"குத்துன்னுதான் அடிச்சேன். பிள்ளைக ஆடுறதுக்கு அடிச்சது. கிராமியக் கலைன்னு எங்களக் கூப்பிட்டா என்ன செய்வாக தெரியுமா? முண்டாசு கட்டிவிட்டு, விருந்தாளி வர்ற வரைக்கும் வெயில்ல நிக்க வைப்பாக. வந்ததும் போட்டோ எடுப்பாக. ஒருத்தர் கால அசைக்க மாட்டாக. குத்துன்னு கூப்பிட்டா கூட வந்து ஆடுவாக. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம்."

என் கட்டங்கள் எதிலும் இது இல்லை. கருவியைப் பார்த்தேன், எண்ணிக்கையைப் பார்த்தேன். கேட்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"அப்ப காலகாலமா இதுதான் குத்தா அண்ணே?"

"பேருதாங்க மாறும். நான் சின்னப் பிள்ளையா இருக்கையில டப்பாங்குத்தும்பாக. இப்பக் குத்துங்குறாக. நாளைக்கி என்ன பேரு வைப்பாகளோ. அடி ஒண்ணுதான்."

உள்ளேயிருந்து செல்வி வந்தாள். கையில் எனக்குக் காப்பி. "அடி ஒண்ணா? நல்லாச் சொன்னீக. குமுளிப் பக்கத்து ஜெண்டை மேளக்காரவுககூடச் சேந்து அடிக்கப் போனதுல இருந்து எம்புட்டு வேகமாயிருச்சு! கல்யாணமான புதுசுல நீங்க அடிச்சதுக்கு நான் இடுப்புல கூடைய வச்சுக்கிட்டு ஆடுவேன். இப்ப அடிக்கிறதுக்குக் கூடைய எறக்கி வச்சாத்தான் ஆட முடியுது."

"அது ஒனக்கு வயசாயிருச்சு."

"எனக்கா? நேத்து நடுவுல மூச்சு வாங்கிக் குச்சியக் கீழ போட்டது யாரு?"

"வேர்வைல நழுவிருச்சுடி."

"ஆமா, வேர்வை!"

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அடி மாறியதா இல்லையா என்று இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே என்று மனம் கணக்குப் போட்டது.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன். "குழுவில ஜெயந்தி எழுதினது…"

முருகேசன் சூடு காட்டுவதை நிறுத்தவில்லை. "எழவுக்கும் அடிப்போம், கல்யாணத்துக்கும் அடிப்போம், சாமிக்கும் அடிப்போம். அடி வேற வேற. கேட்டாத் தெரியும். கேக்காதவுகளுக்கு எப்படித் தெரியும்?"

அது ஜெயந்திக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா என்று கேட்கவில்லை.

கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, தர்ஷினி ராத்திரி அவுகளக் கேட்டுட்டா. 'அப்பா, நீ அடிக்கிறது கெட்ட பாட்டா'ன்னு. அவுக எந்திரிச்சு வெளிய போயிட்டாக. நீங்க குத்துன்னு எழுதி, ஆடலாம்னும் எழுதுனா எழுதுங்க. முடியாட்டி விடுங்க, வேற பாட்டுக்கு ஆடிட்டுப் போகுதுக. எங்களுக்காகப் பொய் மட்டும் எழுதாதீக."

அந்த ஒரு வரி

முதல்வர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "விதியை எழுதினது நீங்க. திருத்தறதும் நீங்களே திருத்திக் குடுங்க. ஒரே ஒரு வரி போதும். ஆனா அந்த வரிக்கு எல்லாப் பெற்றோரும் கட்டுப்படணும். போன வருஷம் மாதிரி யாரும் எழுந்து போகக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து எழுதுகிறேன், அடிக்கிறேன்.

"குத்துப் பாட்டுக்கு அனுமதி உண்டு" என்று எழுதினால் போன ஆண்டுப் பாட்டும் உள்ளே வந்துவிடும். "வரிகள் நன்றாக இருந்தால் குத்துக்கு அனுமதி" என்றால் யார் நன்றாக இருக்கிறது என்று சொல்வது? மறுபடியும் என்னைத்தான் கை காட்டுவார்கள். "நேரில் அடிப்பதற்கு மட்டும் அனுமதி" என்று எழுதிக் குழுவில் போட்டுப் பார்த்தேன். ஜெயந்தி உடனே அழைத்துவிட்டாள்.

"ஒரு வீட்டுக்காகச் சட்டத்த வளைக்கிறீகளா?"

"இல்ல ஜெயந்தி, பாட்டுல ஒரு தப்பும் இல்லையே. திராட்சையப் பத்தித்தான…"

"திராட்சையோ, தேங்காயோ. குத்து வேணாம்னு எழுதுனது நீங்கதான? நீங்க எழுதினத நம்பித்தான எம்பிள்ளைக்குச் சரின்னேன்?"

கைபேசியை வைத்துவிட்டுப் பாலை அடுப்பில் ஏற்றினேன். அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, நியாயம் இருப்பதுபோல் அவள் பேசினாள், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. பிறகு மறுபடியும் முதலில் தோன்றியதே தோன்றுகிறது. இப்படியே பால் பொங்கிவிடுகிறது.

தர்ஷினி பள்ளிக்கு வரத் தொடங்கிவிட்டாள். ஆனால் ஒத்திகைக்கு வருவதில்லை. மற்ற பிள்ளைகள் கூடையோடு ஏதோ ஒரு கல்வி விழிப்புணர்வுப் பாட்டுக்கு ஆடிப் பழகுகிறார்கள். அதற்குக் கூடை எதற்கு என்று டீச்சருக்கே தெரியவில்லை. ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியின் மேல் தர்ஷினி தனியாக உட்கார்ந்து பார்க்கிறாளாம். நிலா வந்து சொன்னாள்.

"ஏம்மா, குத்துன்னா கெட்ட வார்த்தையா?"

"இல்லடா."

"அப்ப ஏம்மா வேணாம்னு எழுதுன?"

சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். சோற்றுக்கா, பதிலுக்கா, தெரியவில்லை.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது விழாவுக்குப் பத்து நாள் இருக்கும். அதனால் பாராட்டோ ஆறுதலோ எழுதாதீர்கள். அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கள். முருகேசன் அண்ணன் படித்துவிட்டு இது பொய் என்று சொல்லக் கூடாது. ஜெயந்தி தன் மகளை அழைத்துக்கொண்டு எழுந்து போகக் கூடாது. தர்ஷினி தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கி வந்து, தன் அப்பா அடிக்க, அதைக் குத்து என்றே சொல்லி ஆட வேண்டும். கணக்குப் படித்தவள் என்ற முறையில், மூன்றும் சேர்ந்து வராது என்றுதான் எனக்குப் படுகிறது. உங்களுக்கும் அப்படியே பட்டால், மூன்றில் எதை நான் விட வேண்டும் என்று மட்டுமாவது எழுதுங்கள்.